வெள்ளிச் சுரங்க நிறுவனத்தில் காசு எங்கே போகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், நான் பங்கு வைத்திருக்கும் சிறிய வெள்ளிச் சுரங்க நிறுவனம் லாபம் காட்டுகிறது. ஆனால் ரொக்க இருப்பு காலாண்டுக்குக் காலாண்டு கரைகிறதே?

பதில்: பெரும்பாலும் பாதை வெட்டும் செலவுதான் காரணம். நிலத்தடிச் சுரங்கத்தில் அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் தாதுவை எட்ட, சரிவுப்பாதையும் காற்றுவழியும் இந்த ஆண்டே வெட்டியாக வேண்டும். பல ஆண்டுகள் பயன்படும் என்பதால் அது மூலதனச் செலவாகப் பதிவாகும். லாபக் கணக்கில் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். காசோ உடனே போய்விடும்.

கேள்வி: போன காலாண்டில் மூலதனச் செலவைக் குறைத்து ரொக்கத்தை உயர்த்திவிட்டார்கள். நல்ல செய்திதானே?

பதில்: எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். ஆலை விரிவாக்கத்தைத் தள்ளிப்போட்டால் பெரிய பாதகமில்லை. பாதை வெட்டுவதையும் ஆய்வுத் துளையிடலையும் நிறுத்தியிருந்தால் எனக்குக் கவலைதான். வெள்ளி 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 49 டாலர் வரை போய், 2015 இறுதியில் 14 டாலருக்கும் கீழே வந்தது. இப்படி விலை சரியும்போது நிர்வாகம் முதலில் கைவைப்பது இவற்றில்தான். ஏற்கெனவே திறந்துவைத்த இடங்களில் நல்ல தாதுவாகப் பார்த்து எடுப்பார்கள். சில காலாண்டுகளுக்குக் கணக்கு அழகாக இருக்கும். பிறகு தோண்டத் தயாரான இடமே இராது. ஆலைக்குத் தாது போதாது, சம்பளமும் மின்கட்டணமும் மட்டும் குறையாது. காலாண்டு அறிக்கையில் எத்தனை மீட்டர் பாதை வெட்டினார்கள் என்று பெரும்பாலும் இருக்கும். எடுத்த தாதுவின் டன் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தாது குறையாமல் மீட்டர் மட்டும் விழுந்துகொண்டே வந்தால், அந்த ரொக்கத்தை நான் உபரியாக எண்ண மாட்டேன்.

கேள்வி: ஏஐஎஸ்சி (AISC – சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்த ஆகும் மொத்தச் செலவைக் காட்டும் அளவீடு) அவுன்ஸுக்கு 20 டாலர், விற்ற விலை 28 என்றால் 8 டாலர் மிஞ்சுமா?

பதில்: மிஞ்சாது. உலகத் தங்கக் கவுன்சில் 2013இல் தங்கத்துக்காக வகுத்த அளவீடு அது. பிறகு வெள்ளி நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. விரிவாக்கச் செலவு, வருமான வரி, வட்டி எதுவும் அதில் சேராது. கூடவே கிடைக்கும் ஈயம், துத்தநாகத்தை விற்ற பணத்தைப் பலர் செலவில் கழித்துக் காட்டுகிறார்கள். துத்தநாக விலை விழுந்தால் வெள்ளியின் 'செலவு' ஏறிவிடும்.

கேள்வி: வண்டிகளைக் குத்தகைக்கு எடுத்தால் மூலதனச் செலவு மிச்சம்தானே, ஐயா?

பதில்: கணக்கில் மட்டும். 2019 முதல் நடப்பில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 (குத்தகைக்கான சர்வதேசக் கணக்கு விதி) படி குத்தகைத் தவணையின் அசல், ரொக்க ஓட்ட அறிக்கையில் நிதித் திரட்டல் பிரிவுக்குப் போய்விடுகிறது. மிஞ்சும் ரொக்கத்தைக் கணக்கிடும்போது அதையும் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: விற்பனை உயர்ந்தும் பணம் வரவில்லையே?

பதில்: செறிவூட்டிய தாதுவை விற்கும்போது முதலில் தற்காலிக விலையில்தான் பணம் வரும். எடையும் தரமும் சோதித்து, ஒப்பந்தத்தில் குறித்த மாதத்தின் விலைப்படி பிறகு கணக்கு முடிப்பார்கள். இடையில் விலை இறங்கினால் வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் நேரும்.

கேள்வி: புதிய பாதைக்குப் பணம் திரட்டப் பங்கு வெளியிடுவதா, ஸ்ட்ரீமிங் ஒப்பந்தமா?

பதில்: ஸ்ட்ரீமிங்கில் இன்று மொத்தமாகப் பணம் கிடைக்கும், பதிலுக்கு வருங்கால வெள்ளியில் ஒரு பங்கைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் சுரங்கம் உள்ளவரை. முக்கிய உலோகமே வெள்ளியாக இருக்கும் நிறுவனத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விலை ஏறியிருக்கும் சமயத்தில் அளவாகப் பங்கு வெளியிடுவது மேல்.