கூடையும் கொடையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வசிக்கிறேன். பல்கலைக்கழகம் ஒன்றின் நன்கொடைப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். இப்போது பூர்வகுடிப் பண்பாடுகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றில் பெருங்கொடைப் பிரிவுக்குத் தலைமையேற்க அழைத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர் குடும்பம் ஒன்று பெரிய தொகை தருவதாகச் சொல்கிறது. கூடத்துக்குத் தங்கள் பெயரை வைக்க வேண்டும், தாத்தா சேர்த்த கூடைகள் என்றைக்கும் காட்சியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் திரட்டும் தொகையில் சதவீதம் தரலாம் என்று போர்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். நிலத்தை இழந்த மக்களின் பெயரைச் சொல்லிப் பணக்காரர்களிடம் கேட்பது உறுத்துகிறது. அந்த மக்களிடமே கேட்பது அதைவிட உறுத்துகிறது. தமிழச்சி எனக்கு இதில் என்ன இடம் என்றும் புரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பணக்காரர்களிடம் கேட்கும்போது வரும் உறுத்தல் இருந்துவிட்டுப் போகட்டும், அது உங்களைக் கவனமாக வைத்திருக்கும். பூர்வகுடிகளிடம் கேட்கத் தயங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவர்களை என்றைக்கும் வாங்கிக்கொள்கிறவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் பணம் கொடுத்தவர்கள் கூடி முடிவெடுக்கும் நாளில் அவர்கள் வெளியே நிற்கும்படி ஆவது அந்தப் பழக்கத்தால்தான்.

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க இந்தியருக்கான தேசிய அருங்காட்சியகத்தின் பணக் கதையைப் படித்துவிட்டு வேலையில் சேருங்கள். ஜார்ஜ் குஸ்தாவ் ஹை என்ற நியூயார்க்காரரிடமிருந்து அது தொடங்குகிறது. அப்பாவுக்கு எண்ணெய்த் தொழிலில் பணம். மகன் மின் பொறியாளராக அரிசோனாவில் வேலை பார்த்தபோது, 1897இல், நவஹோ மக்களிடமிருந்து ஒரு மான்தோல் சட்டையை வாங்கினார். அதன்பிறகு அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் அது ஏறத்தாழ 8 லட்சம் பொருள்கள் ஆனது. 1916இல் அருங்காட்சியகத்தை நிறுவினார், 1922இல் பொதுமக்களுக்குத் திறந்தார்.

இந்தக் கதையில் உங்கள் தொழிலுக்கான பகுதி 1928இல் வருகிறது. அந்த நிறுவனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பெரும் புரவலர்களில் இரண்டு பேர் அந்த ஒரே வருடத்தில் இறந்துபோனார்கள். பணம் வற்றியது, ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் இன்னும் மோசம். 1980களில் டெக்சஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ, சேகரிப்பு டாலஸுக்கு வந்தால் 70 மில்லியன் டாலர் தருகிறேன் என்றார். நியூயார்க் விடவில்லை. இழுபறிக்குப் பிறகு 1989 நவம்பரில் சட்டம் இயற்றி எல்லாவற்றையும், அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியனிடம் ஒப்படைத்தார்கள். இத்தனை காலமும் பணம் யாரிடம் இருந்ததோ அவர்தான் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று பேசினார். அந்தப் பொருளைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பேச்சில் பெரும்பாலும் இல்லை. 1938இல் ஹிடாட்சா மக்கள் தங்கள் புனிதப் பொதி ஒன்றை ஹையிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். அது விதிவிலக்கு.

1989 சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வாஷிங்டன் கட்டடச் செலவில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்கு வெளியே திரட்ட வேண்டும். மொத்தத் திட்டம் 219 மில்லியன் டாலரில் முடிந்தது. அதில் சுமார் 100 மில்லியன் வெளிப்பணம். அந்த வெளிப்பணத்தின் உச்சியில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். மஷான்டக்கெட் பீக்வாட், மொஹீகன், நியூயார்க்கின் ஒனைடா. மூன்று பூர்வகுடித் தேசங்கள், தலா 10 மில்லியன். முதலில் வந்தது பீக்வாட்டுகள், 1994இல்.

பீக்வாட்டுகள் யார் என்பதை உங்கள் போர்டுக்கு ஒருமுறை சொல்லுங்கள். 1637இல் ஆங்கிலேயக் குடியேறிகள் மிஸ்டிக் ஆற்றங்கரையில் அவர்களுடைய கிராமத்தை உள்ளிருந்தவர்களோடு எரித்தார்கள். அடுத்த வருடத்து ஹார்ட்ஃபோர்டு ஒப்பந்தம், பீக்வாட் என்ற பெயரையே இனி யாரும் தாங்கக் கூடாது என்றது. 1983இல்தான் அவர்களுக்குக் கூட்டரசின் அங்கீகாரம் கிடைத்தது, 1992இல் ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற தங்கள் கேசினோவை, அதாவது சூதாட்ட விடுதியை, திறந்தார்கள். அதற்கு இரண்டே வருடம் கழித்து இந்தக் கொடை. உங்கள் கூடத்துக்குப் பெயர் கேட்கும் குடும்பத்தின் அருகில் இதை வைத்துப் பாருங்கள்.

சூதாட்டப் பணம்தானே என்று யாராவது முணுமுணுப்பார்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் எண்ணெய், ரயில், சுரங்கப் பணத்தில் நிமிர்ந்தவை. அதில் எதை வாங்குவதற்கு முன்னும் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. கேசினோவை மட்டும் தனியாக நிறுத்தி விசாரிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ஆனால் கேசினோ வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கூட்டரசு அங்கீகரித்த தேசங்கள் 570க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றிடம் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இல்லை. கொடுக்க முடிகிற தேசமும் ஒரு பணக்காரக் குடும்பம் அல்ல, அது ஓர் அரசாங்கம். அங்கே கவுன்சில் உண்டு, தேர்தல் உண்டு, தீர்மானம் நிறைவேற வேண்டும். உங்களோடு இரண்டு வருடம் பேசிய தலைவர் தோற்றுப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பழைய மாணவரை இரண்டு மதிய உணவில் வழிக்குக் கொண்டுவந்த கணக்கு இங்கே செல்லாது. வருடாந்திர இலக்கை ஒப்புக்கொள்வதற்கு முன் இதை உங்கள் இயக்குநரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது அந்தக் கூடைக் குடும்பம்.

'என்றைக்கும் காட்சியில்' என்பதை உங்களால் தர முடியாது. முதல் காரணம் வெளிச்சம். நாரும் சாயமும் விளக்கு வெளிச்சத்தில் வெளுக்கும், பழுதாகும். அதனால்தான் அவ்வப்போது எடுத்து இருட்டறையில் வைக்கிறார்கள். இரண்டாவது சட்டம். 1990இன் பூர்வகுடி எச்சங்கள் திருப்பியளிப்புச் சட்டத்துக்கு 2024 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மனித எச்சங்கள், ஈமப் பொருள்கள், புனிதப் பொருள்கள், சமூகத்துக்குப் பொதுவான பண்பாட்டுச் சொத்துகள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்க உரிய தேசத்தின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அந்த மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களை மூடியது. (ஸ்மித்சோனியனுக்கு இது பொருந்தாது, அதற்குத் தனிச் சட்டம். உங்கள் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) தாத்தாவின் கூடைகளில் ஒன்று ஈமக்குழியிலிருந்து வந்தது என்று நாளை தெரியவந்தால், நீங்கள் கையெழுத்திட்ட கொடைப் பத்திரம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

அதற்காக அந்தக் குடும்பத்தை விரட்ட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவரை சேகரிப்பாளர் வாரிசுகளின் பயம் ஒன்றுதான்: தாத்தாவைத் திருடன் என்று எழுதிவிடுவார்களோ என்பது. அதை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். நிபந்தனை நிபந்தனையாகப் போடுவார்கள். பெயரைக் கொடுங்கள், கெடு வைத்துக் கொடுங்கள், இருபது வருடம் போதும். ஆனால் பணத்தைப் பொருளோடு கட்டாமல் பராமரிப்போடு கட்டுங்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க அருங்காட்சியகங்கள் ஆர்செனிக்கும் பாதரசமும் தடவிவைத்தன. திரும்பக் கிடைத்த சடங்குப் பொருள்களில் ஆர்செனிக் இருப்பதை ஹோப்பி மக்கள் கண்டார்கள். சடங்கில் கையாள வேண்டிய, முகத்தில் அணிய வேண்டிய பொருளில் விஷம். அதைப் பரிசோதிக்கக் கருவி வேண்டும், ஆள் வேண்டும். கூடை பின்னத் தெரிந்த மூதாட்டிகள் கிடங்குக்கு வந்து பார்க்கப் பயணச் செலவும் தங்கும் செலவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் யாரும் தாமாக முன்வந்து பணம் தருவதில்லை. கேட்டால் தருவார்கள். அந்த மூதாட்டிகளில் ஒருவர் தாத்தாவின் கூடையைக் கையில் எடுத்துப் பேசுவதை அந்தக் குடும்பம் ஒருமுறை கேட்டுவிட்டால், பேரத்தின் போக்கே மாறலாம். அதற்கு அந்த மூதாட்டியின் விருப்பம் முக்கியம். அவரை உங்கள் பேரத்துக்குச் சாட்சியாக இழுத்துவராதீர்கள்.

தொகையையும் சரியாகச் சொல்லுங்கள். நிலையாக வைக்கும் நிதியிலிருந்து வருடத்துக்கு 4 அல்லது 5 சதவீதம்தான் எடுப்பார்கள். 1 மில்லியன் கிடைத்தது என்று கைதட்டினால் செலவுக்கு வருவது 40,000, 50,000 டாலர். பொருள்களைப் பழுதாகாமல் பராமரிக்கும் ஒரு நிபுணரின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் அது காணாது. ஒரு லட்சம் டாலர் செலவாகும் பதவியை நிரந்தரமாக்க 2 முதல் 2.5 மில்லியன் தேவை. இந்தக் கணக்கைப் போர்டு உறுப்பினர்கள் பலர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழச்சிக்கு என்ன இடம் என்கிறீர்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 6 மில்லியன் டாலர் திரட்டியதை நாம் பார்த்தோம். இரண்டு மருத்துவர்கள் முதல் ஒரு மில்லியனைத் தந்து தொடங்கினார்கள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள், 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. நம் மொழிக்கு நாமே முதலில் கொடுத்தோம் என்பதால்தான் மற்றவர்களிடம் கேட்கும் குரல் நமக்கு வந்தது. பீக்வாட்டுகளின் கொடையைப் புரிந்துகொள்ள இது உங்களுக்கு உதவும், அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். நாமும் அந்த நிலத்தில் குடியேறியவர்கள்.

சேர்ந்த முதல் மாதத்தில் கூடைக் குடும்பத்தைச் சந்திக்க உங்களை அவசரப்படுத்துவார்கள். அதற்கு முன்னால் அந்தக் கூடைகள் எந்தத் தேசத்தைச் சேர்ந்தவையோ, அங்கே பண்பாட்டுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பாருங்கள். பணம் பற்றிப் பேச வேண்டாம். என்ன பட்டியல் உங்களிடம் இருக்கிறது என்று காட்டுங்கள், அவர் கேட்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சதவீதம் வேண்டாம். அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் தொழில் அமைப்பு தன் நெறிகளிலேயே அதைத் தடுத்திருக்கிறது, காரணமும் எளிது: அந்தக் கூடைக் குடும்பத்தின் நிபந்தனைக்குச் சரி என்று சொல்லிவிட அது உங்களுக்கே ஆசை காட்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். சதவீதத்தை மறுப்பதை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.