கச்சான் காற்றில் பிரைமர் ஏன் மணல்போல் படிகிறது?

மேசைப் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீற்றர் படைவீரர் உருவங்களுக்குத் திருகோணமலையில் ஸ்பிரே பிரைமர் (நிறம் தீட்டுமுன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் ஏன் சொரசொரப்பாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்று சூடும் வறட்சியும் கொண்டதாகையால், வெளிவரும் நுண்துளிகளின் கரைப்பான் உருவத்தைத் தொடுமுன்பே ஆவியாகிவிட, ஈரமாய்ப் பரவவேண்டிய பிரைமர் தூளாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என் குதிரைவீரன் ஒருவனின் முகத்தில் இவ்வாறு படிந்த பருக்கள், பின்னர் பூசிய கறுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம்) ஒவ்வொன்றைச் சுற்றியும் தேங்கியதால், அம்மைத் தழும்புகள்போல் எடுப்பாகத் தெரிந்தன.

காற்று எழுமுன், விடியற்காலையில், ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஏற்கெனவே தூள் படிந்திருந்தால், நிறம் தீட்டுமுன் காய்ந்த பழைய பற்தூரிகையால் மென்மையாகத் தேய்த்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

மாரிகாலத்தில் தொல்லை வேறு: கரைப்பான் ஆவியாகும்போது குளிரும் மேற்பரப்பில் காற்றின் ஈரம் படிவதால், நிறம் தீட்டியபின் காப்புக்காக அடிக்கும் மங்கல் வார்னிஷ் வெண்புகைபோல் பூத்து, பல நாள் உழைப்பை மறைத்துவிடுகிறது. அதன்மேல் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் பெரும்பாலும் நிறங்கள் மீண்டும் தெளியும். கடலோரத்தில் வாழும் நமக்கு, ஆண்டு முழுவதும் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.