காற்றுத் தரக் கருவி வைஃபையில் சேரவில்லை. சேர்ந்தால் எங்கே வைப்பது?

புகைமூட்டத்துக்குப் பயந்து வாங்கிய கருவி வைஃபையில் சேர மறுக்கிறது, சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சிக்கல் அலைவரிசைதான். இவ்வகைக் கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் அதே பெயரில் தந்தால் இணைப்பு தடுமாறலாம். ரௌட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, கைபேசியையும் அதிலேயே இணைத்துவிட்டுச் செயலியைத் திறங்கள்.

சரி, இடம்தான் முக்கியம். உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில், ஏர்கான் காற்றும் சன்னல் காற்றும் நேரே படாமல் வையுங்கள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கொஞ்சம் சாம்பிராணி போதும், பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்களின் அளவு) எகிறிவிடும். (அது பொய்யில்லை, அந்தப் புகையும் நுண்துகள்தான்.) நம்மூர் ஈரப்பதத்தில் லேசர் உணரி சற்றுக் கூட்டியே காட்டக்கூடும். ஆகவே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவோடு ஒப்பிடுங்கள். கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை இயல்பு. 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) வேறு கணக்கு.

கரியமில வாயுவையும் அளக்கும் கருவி என்றால், வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுமாருக்குக் காட்ட வேண்டும். கதவடைத்துத் தூங்கும் ஏர்கான் அறையில் விடிவதற்குள் 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். வீட்டு ஏர்கான் பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.