இருபது சென் காசளவு வாழையிலையைப் படமெடுப்பது எப்படி?

"பாலிமர் களிமண்ணில் நாசி கண்டார் எனும் பினாங்குக் கறிச்சோறு, தோசைத் தட்டு என்று குட்டிக் குட்டியாகச் செய்கிறேன். நேரில் பார்ப்பவர்கள் அசந்துபோகிறார்கள். கைப்பேசியில் எடுத்தால் மங்கலாக, மஞ்சளாக, பொம்மை மாதிரி விழுகிறது. புதிதாக என்ன செய்வதென்றும் தோன்றவில்லை." – பட்டர்வொர்த் வாசகி

சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பளத்தின் கொப்புளம்வரை செய்திருக்கிறீர்கள். படத்தில் அது தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

மங்கலுக்குக் காரணம், கைப்பேசியைப் பொருளோடு முட்டுமளவுக்குக் கொண்டுபோவது. கிட்டே போகப்போக, தெளிவாக விழும் ஆழம் குறையும். சோறு தெளிந்தால் அப்பளம் மங்கும். ஒரு சாண் தள்ளி, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். தெளியாவிட்டால் இன்னும் சற்றுத் தள்ளுங்கள். கைப்பேசியை எதன்மேலாவது சாய்த்து, 2 விநாடி டைமர் வைத்துவிடுங்கள்.

பொம்மைபோலத் தெரிவது உயரத்தால். நீங்கள் செய்வது 1:12 அளவு, அதாவது அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 30 செ.மீ. இலை 2.5 செ.மீ. ஆகிவிடுகிறது, மலேசிய 20 சென் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை நேர் மேலேயிருந்து எடுத்தால், கூரையில் தொங்கிக்கொண்டு பார்ப்பதுபோல் இருக்கும். கடைக்கு எட்டடி தள்ளி நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கண், மேசைக்கு ஏறக்குறைய 75 செ.மீ. மேலே இருக்கும். 12ஆல் வகுத்தால் 6 செ.மீ. சொச்சம், எட்டடியும் அதே கணக்கில் ஒரு சாண். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே இறங்கிவிடும்; அந்த உயரத்துக்கு வருமாறு அடியில் எதையாவது வைத்து நிறுத்துங்கள்.

மஞ்சள் நிறம் போக, அறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வாருங்கள். பினாங்கில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேல் இருக்கும்; காலை ஒன்பது மணி வெளிச்சம் பக்கவாட்டில் வரும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் தொங்கவிடுங்கள். சின்னப் பொருள் செய்பவருக்கு இதுதான் வசதி: காசளவு இலைக்கு அந்த ஒரு தாளே வானம். நிழல் பக்கம் வெள்ளை அட்டை. குழம்பின்மேல் ஒரே ஒரு பளபளப்புப் புள்ளி மிஞ்சட்டும். அது இருந்தால்தான் குழம்பு ஈரமாகத் தெரியும்.

இனி, என்ன செய்வது என்ற கேள்வி. தட்டைச் செய்துவிட்டீர்கள், கண்டார் எங்கே? மலாயில் அந்தச் சொல்லுக்கு, இரு முனையிலும் சுமை தொங்கும் தோள்தடி என்று பொருள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோறும் கறியும் கூடைகளில் வைத்து, தோளில் காவிக்கொண்டுபோய் விற்றதால்தான் அந்தச் சோற்றுக்கே அந்தப் பெயர். இறைச்சி கோத்துச் சுடும் ஒரு சாத்தே குச்சி போதும். 3 மி.மீ. கனமுள்ள குச்சி, உங்கள் அளவில் 3.6 செ.மீ. கனமுள்ள தடி.

ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் வந்து, லெபோ பாசார் தெருவில் ஒரு காலைப்பொழுது நடங்கள். படம் எடுக்க வேண்டாம், அளவுகோல் கொண்டுவாருங்கள். கைபட்டுத் தேய்ந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கரண்டிக்காம்பு, பானையின் விளிம்பு, பூக்கடைப் பலகையின் ஓரம். குச்சியிலும் தோள்படும் நடுப்பகுதிக்கு மட்டும் வார்னிஷ் தடவி, மீதியை மங்கலாகவே விடுங்கள். காலை வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கி எடுத்தால் அந்தத் தேய்மானம் படத்தில் விழும்.