கடோலினியம் குரோமைட்டின் காந்தமாக்கல் குளிரில் எதிர்க்குறிக்குப் போவது கருவியின் பிழையா?

100 ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) புலத்திலேயே குளிர்வித்தும், வெப்பநிலை இறங்க இறங்கக் காந்தமாக்கல் சுழியைக் கடந்து எதிர்க்குறிக்குச் செல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். இது பொருளின் இயல்பாகவே இருக்கலாம். ஆனால் கருவிப் பிழையும் இதே தோற்றத்தில் வரும்.

பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புடைய இந்தப் பொருளில் குரோமியம் அயனிகளின் காந்தத் திசைகள் ஏறத்தாழ 170 கெல்வினிலேயே எதிரெதிராக அணிவகுத்துவிடுகின்றன. குரோமியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் சாய்ந்திருப்பதால் அந்த அணிவகுப்பு முழுவதும் ஈடாவதில்லை. சிறிதளவு காந்தத் திருப்புத்திறன் மிஞ்சி, நாம் தரும் புலத்தின் திசையில் நிற்கிறது. கடோலினியமோ 2.3 கெல்வின் வரை தானாக ஒழுங்குபடுவதில்லை. எனினும் குரோமியம் அதன்மீது செலுத்தும் உட்புலம் சில ஆயிரம் ஓர்ஸ்டெட் இருப்பதால், நம் 100 ஓர்ஸ்டெட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த உட்புலம் குரோமியத்தின் மிச்சத் திருப்புத்திறனுக்கு எதிர்த்திசையில் அமைவதுதான் இங்கே முக்கியம். குரோமியத்தின் பங்கு குளிரில் ஏறத்தாழ மாறாமல் நின்றுவிட, ஏழு இணையற்ற எலக்ட்ரான்களைக் கொண்ட கடோலினியத்தின் பங்கு வெப்பநிலை பாதியாகும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகி, ஓரிடத்தில் குரோமியத்தை மிஞ்சிவிடுகிறது. மொத்தமும் அப்போதே புலத்தின் பக்கம் புரண்டுவிடாமல் தடுப்பது படிகத்தின் திசைச்சார்பு, அதாவது காந்தமாக்கலைச் சில திசைகளிலேயே பிடித்துவைக்கும் இயல்பு. புலத்தைப் போதிய அளவு உயர்த்தினால் புரண்டுவிடும், எதிர்க்குறியும் மறையும்.

இனி பிழை.    நான் திருவனந்தபுரத்தில் அளந்தபோது, ஒப்பீட்டுக்கு வைத்த லாந்தனம் குரோமைட்டும், புலமின்றிக் குளிர்வித்த அளவீட்டில், எதிர்க்குறி காட்டியது. கடோலினியத்தின் அந்த ஏழு எலக்ட்ரான்களும் இருக்கும் 4எஃப் கூட்டில் லாந்தனத்துக்கு எலக்ட்ரானே இல்லை. எதிர்க்க அங்கே யாருமில்லை. எனக்கு முன்னால் அளந்தவர் உயர்புலத்திலிருந்து நேராகச் சுழிக்கு இறக்கியிருந்ததால், மீக்கடத்திக் காந்தத்தில் சில பத்து ஓர்ஸ்டெட் எதிர்த்திசைப் புலம் தங்கியிருந்தது; மாதிரி அந்தப் புலத்தில்தான் குளிர்ந்திருக்கிறது. இரண்டு வாரம் வீண்.

நீங்கள் புலத்தில் குளிர்வித்தே அளந்திருப்பதால் அந்த ஐயம் குறைவு. ஆயினும் புலத்தை ஊசலாட்ட முறையில் (திசையை மாற்றி மாற்றி, அளவைக் குறைத்துக்கொண்டே) சுழிக்குக் கொண்டுவந்த பின், கூட்டல் 100, கழித்தல் 100 ஆகிய இரண்டிலும் தனித்தனியாகக் குளிர்வித்து அளந்து பாருங்கள். வளைகோடுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்தால் அது கடோலினியத்தின் வேலை. இரண்டும் ஒரே பக்கமாக விலகினால் முதலில் காந்தத்தைச் சரிபாருங்கள்.