தேய்மானம் என்று சொல்லி உத்தரவாதத்தை மறுக்க முடியுமா? விதைக்கும் கருவி வாங்கிய வாசகருக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: சென்னை மாதவரத்தில் குடியிருக்கிறேன். ஊத்துக்கோட்டை அருகே ஆறு ஏக்கர் நிலத்தில் நானே பயிர் செய்கிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம் சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் டிராக்டரில் பூட்டும், மண்ணைக் கீறும் ஒன்பது கொத்துகள் கொண்ட விதைக்கும் கருவியை (சீட் டிரில்) 82,000 ரூபாய்க்கு, ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கினேன். ஆவணியில் புழுதி விதைப்பாக (காய்ந்த மண்ணில் நேரடியாக) நெல் விதைத்தபோது, நான்காவது கொத்தின் கொழுமுனை (மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனை) மட்டும் மற்றவற்றைவிட மிக வேகமாகத் தேய்ந்தது. அந்தக் கொத்தின் விதைக் குழாயில் மண் ஏறி அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஏழாவது குழாய் திரும்பத் திரும்பக் கழன்று விழுந்தது. பயிர் முளைத்த பிறகுதான் இரண்டு வரிசைகள் நெடுகிலும் வெறுமையாக இருப்பது தெரிந்தது. கொழுமுனையை இரண்டு முறை காசு கொடுத்து மாற்றிவிட்டேன். கொழுவும் குழாயும் தேய்மானப் பாகங்கள் என்பதால் அவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்றும், கொத்து மண்ணில் இருக்கும்போதே டிராக்டரைப் பின்னால் எடுத்ததால்தான் குழாய் அடைத்தது என்றும் விற்பனையாளர் கூறுகிறார். அக்கம்பக்கத்து நிலங்களிலும் கூலிக்கு விதைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: போகலாம். ஆனால் உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் சட்டப் பிரிவுகளைக் காட்டிலும், பழைய கொழுமுனைகளையும் குழாய்களையும் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே இருக்கும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். கையில் இருந்தால் எந்த முனை எந்தக் கொத்தில் இருந்தது, எப்போது கழற்றப்பட்டது என்று சீட்டு எழுதிக் கட்டி, இன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

முதலில் உத்தரவாத அட்டையைக் கூர்ந்து படியுங்கள். ‘வழக்கமான பயன்பாட்டில் ஏற்படும் தேய்மானத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது’ என்று அதில் எழுதியிருந்தால், விலக்கப்பட்டிருப்பது தேய்மானம் என்ற விளைவு மட்டுமே. கொழு என்ற பாகம் முழுவதுமாக உத்தரவாதத்திலிருந்து நீக்கப்படவில்லை. சரியான உலோகத்தில், சரியான பதத்தில் (கடினத்தில்) செய்த கொழு பல ஏக்கர் உழைத்துத் தேய்ந்தால் அது உங்கள் செலவு. பதம் தவறியதால், அல்லது கொத்து கருவியின் இரும்புச் சட்டகத்தில் தாழ்வாகப் பொருத்தப்பட்டதால் ஒரே ஒரு முனை மட்டும் சில நாட்களில் கரைந்தால், அது தேய்மானம் என்ற பெயரில் வெளிப்படும் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(10) பிரிவு, ஒப்பந்தப்படியோ சட்டப்படியோ ஒரு பொருளுக்கு இருந்தாக வேண்டிய தரத்தில் உள்ள எந்தக் குறையையும் குறைபாடு என்றே கொள்கிறது. அந்த ஒப்பந்தம் வெளிப்படையாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அட்டையில் ‘கொழு, குழாய் ஆகியவற்றுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று பாகத்தின் பெயரையே குறிப்பிட்டிருந்தால் உங்கள் நிலை சற்றுக் கடினமாகும். ஆயினும் பொருத்தியதில் நேர்ந்த தவற்றை அந்த வாசகம் மறைத்துவிடாது.

இனி விற்பனையாளர் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன், ஏனெனில் ஆணையத்திலும் அவர் இதையேதான் சொல்வார். கொத்து மண்ணில் இறங்கியிருக்கும்போது டிராக்டரைப் பின்னால் எடுத்தாலும், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது கருவியைக் கீழே இறக்கினாலும், கொழுவின் பின்னால் விதை விழும் வாய்க்குள் மண் ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நேர்ந்தால் அடைப்பு பொதுவாக ஒன்பது வாய்களில் பலவற்றைப் பாதிக்கும், அதுவும் வயலின் ஓரத்தில் வண்டியைத் திருப்பும் இடங்களில்தான் பெரும்பாலும் நிகழும். உங்கள் கருவியில் எப்போதும் நான்காவது குழாய்தான் அடைக்கிறது, ஏழாவதுதான் கழல்கிறது. ஓட்டுநரின் தவறு ஒரே கொத்தைத் தேடிப் போகாது. இந்த வேறுபாடுதான் உங்கள் தரப்பின் வலுவான வாதம். அதேபோல, டிராக்டர் டயர் அழுத்திய மண்ணில் ஓடும் கொத்துகள் வேகமாகத் தேய்வது இயல்பு என்றும் அவர் சொல்லக்கூடும். ஒன்பது கொத்தில் நான்காவது என்பது நடுக்கொத்தை அடுத்திருப்பது. அது டயர் தடத்தில் ஓடுகிறதா இல்லையா என்பதை உங்கள் டிராக்டரின் பின் சக்கர இடைவெளியை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொடர்பையும் வழக்கில் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். கொழுமுனை அளவுக்கு மீறித் தேய்ந்தால் விதை இறங்கும் வாயே மண்ணில் இழுபட்டு அடைத்துக்கொள்ளும். ஆகவே நான்காவது குழாயின் அடைப்பு, அந்தக் கொழு அகாலத்தில் தேய்ந்ததன் விளைவாக இருக்கலாம். இது உங்களுக்குச் சாதகமான வாதமாகும் அதே வேளையில், முனை தேய்ந்தது தெரிந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அதே வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். முனையை எப்போது மாற்ற வேண்டும் என்ற குறிப்பு கையேட்டில் இருந்ததா, கையேடு உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள். ஏழாவது குழாய் வேறு விஷயம். குழாய் நீளம் குறைவாக இருந்து கருவி தூக்கும்போதெல்லாம் இழுபட்டாலோ, பிடிக்கும் வளையம் அளவு பொருந்தாமல் இருந்தாலோ அது கழலும். ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பக் கழன்றதைத் தேய்மானம் என்று வாதிட முடியாது.

உங்கள் வழக்கில் உண்மையான சட்டச் சிக்கல், நீங்கள் கூலிக்கு விதைத்துக் கொடுத்ததுதான். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2(7) பிரிவு சொல்கிறது. ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய இயந்திரம் தொடர்பான லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை விளக்கியது: வாங்கியவர் தானே இயக்கிப் பிழைப்பு நடத்தினால், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும், அவர் நுகர்வோரே. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கருவியை நீங்களே ஓட்டினீர்கள், கூலி வருமானம் குடும்பத்துக்கே போனது என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். கூலிக்கு ஓட்டியதை மறைக்கவே கூடாது. குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் மற்ற உண்மைகளின் மதிப்பும் குறைந்துவிடும். நீங்கள் ஓட்டுநர் வைத்து, கருவியை வாடகைத் தொழிலாகவே நடத்தியிருந்தால் மட்டும், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்வதே பாதுகாப்பானது. தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற அதன் 16-ஆம் பிரிவு அங்கே உதவும்.

நண்பர்கள் சிலர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு ஈடு கேட்க வழிசெய்யும் ‘பொருள் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயத்தின் கீழ் வழக்குப் போடும்படி உங்களிடம் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே சட்டத்தின் 2(22) பிரிவில் ‘தீங்கு’ என்பதற்கான வரையறை, பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் வெளிப்படையாக விலக்குகிறது. இரண்டு வரிசை நெல் போனதை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. குறைபாடுள்ள பொருள் என்ற அடிப்படையிலேயே புகார் கொடுத்து, 39-ஆம் பிரிவின்படி குறையை நீக்கித் தரவும், முடியாவிட்டால் கருவியை மாற்றித் தரவும் அல்லது விலையைத் திருப்பித் தரவும், அத்துடன் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வழங்கவும் கேளுங்கள். விற்பனையாளரோடு உற்பத்தியாளரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கத் தவறாதீர்கள். சேர்க்காவிட்டால், கருவியைக் கோத்துப் பொருத்தியது யார் என்பதில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

பயிர் இழப்பைக் கணக்கிடும்போது அடக்கம் தேவை. வெறுமையான வரிசைகளில் நாற்றுப் பிடுங்கி நட்டிருந்தால் அந்தக் கூலி, விதைச் செலவு, கொழுமுனைகளின் விலை ஆகியவற்றை ரசீதுடன் கேளுங்கள். இழப்பைக் குறைக்க நீங்கள் எடுத்த முயற்சியை, ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கத்தை ஒட்டி, எந்த மன்றமும் கவனிக்கும். மகசூல் குறைவுக்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலும், வெறுமையான வரிசைகளைக் காட்டும் புகைப்படங்களும் வேண்டும். வேளாண்மை அலுவலர் அப்போதே வயலைப் பார்த்து எழுதித் தந்திருந்தால் அதற்கு நிகரான சான்று இல்லை. கைப்பேசியில் எடுத்த படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழுடன் தாக்கல் செய்யுங்கள்.

இயந்திர வழக்குகளில் உற்பத்திக் குறையை வெறும் வாய்மொழியாகச் சொல்லி நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்றவர்கள் பலர் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் ஆணையமே பாகத்தை முத்திரையிட்டு, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களில் அறிக்கை பெற முடியும். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். புகாருடனேயே இதற்கு மனுப் போடுங்கள். கொழுவின் உலோகக் கடினத்தைச் சோதிக்கச் சொல்வதோடு, கருவியைச் சமதளத்தில் நிறுத்தி ஒன்பது முனைகளின் உயரத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விதை, உரம் இரண்டும் இடும் கருவியாக இருந்தால் இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 6813-உடன் ஒப்பிடவும் கேட்கலாம். அதுவரை நான்காவது கொத்தை உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்கவோ வளைத்து நிமிர்த்தவோ வேண்டாம். அப்படிச் செய்தால் கருவியை நீங்களே மாற்றிவிட்டீர்கள் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும்.

உங்கள் உத்தரவாதம் வரும் ஆடி வரை உயிரோடு இருக்கிறது. ஆகவே இந்த வாரமே விற்பனையாளர், உற்பத்தியாளர் இருவருக்கும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் குறையைத் தெரிவித்து, கருவியைப் பார்வையிட 15 நாள் அவகாசம் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம். சில நேரம் அதிலேயே தீர்வு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், 69-ஆம் பிரிவின்படி வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். குறை முதலில் தெரிந்த ஆவணி மாதத்திலிருந்தே கணக்கிடுங்கள். கடைக்காரர் மறுத்த நாளிலிருந்து எண்ண முயல வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாதவரத்தை வைத்துச் சென்னையிலும், நிலம் இருப்பதை வைத்துத் திருவள்ளூரிலும் புகார் தர 34-ஆம் பிரிவு இடமளிக்கிறது. விசாரணைக்கு நீங்கள் அடிக்கடி வர வேண்டியிருக்கும் என்பதால் வீட்டுக்கு அருகிலுள்ள சென்னை மாவட்ட ஆணையத்தையே பரிந்துரைக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். சமரசத்துக்கு 37-ஆம் பிரிவின்படி ஆணையம் அனுப்பினால் மறுக்காதீர்கள். நான்காவது கொத்தை முழுமையாக மாற்றித் தந்து, ஒன்பது குழாய்களையும் சரியான நீளத்தில் புதிதாகப் பொருத்தி, முனைகளுக்குக் கொடுத்த காசையும் திருப்பித் தர முன்வந்தால், அடுத்த விதைப்புக்கு முன் அதை ஏற்றுக்கொள்வதே உங்கள் நிலத்துக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் அந்த உடன்பாட்டில், புதிதாகப் பொருத்தும் பாகங்களுக்கு ஒரு முழு விதைப்புப் பருவம் வரை உத்தரவாதம் உண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே புகாரைத் திரும்பப் பெறுங்கள்.