வாடகை வீட்டில் பழுதான ஃபிரிட்ஜ், கீசர்: வீட்டுக்காரர் இழுத்தடித்தால் என்ன செய்வது?

"வீட்டுக்காரர் கொடுத்த ஃபிரிட்ஜ் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் ஆள் வருவார் என்கிறார். நானே சரிசெய்துவிட்டுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு ரூபாயும் கழிக்காதீர்கள் என்பது என் பதில். நான் வழக்கறிஞர் அல்லன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். பதினைந்து லிட்டர் கீசர் ஒன்றுக்காக 67 நாட்கள் மாடிப்படி ஏறி இறங்கிய அனுபவம் மட்டுமே எனக்கு இருக்கும் தகுதி.

அப்போது மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். உரிமையாளர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கீழ்த்தளத்தில் இருந்தார். நான் அவரைச் சார் என்பேன், அவரும் என்னைச் சார் என்பார். 2022 நவம்பர் 14 அன்று காலையில் கீசரைப் போட்டதும் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. டிரிப் ஆன சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. அன்று மாலையே கீழே போய்ச் சொன்னேன். "அதற்கென்ன சார், நம் ஆளிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார். அவர் குரலில் இருந்த கனிவைக் கேட்டு, மறுநாளே வேலை முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அப்போது 74 வயது. முழங்கால் தேய்மானம் என்பதால் வெந்நீரில் குளிக்காமல் அவரால் காலை மடக்க முடியாது.

வீட்டுக்காரர்களின் "நம் ஆள்" என்பவர் யார் என்பதைச் சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகக் கூலி வாங்குவார். அதனாலேயே நூறு வீடுகளுக்கு அவர்தான் ஆள். அதனாலேயே நம் வீட்டுக்கு வர மாட்டார். கார்த்திகை பிறந்ததும் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. மலைக்குப் போய்வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நேரில் வந்தார். கீசரின் அடிமூடியைத் திறந்து காயிலைக் கழற்றி, இதே அளவில் வாங்கி வருகிறேன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு பத்து நாட்கள் புயலே காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு மார்கழி வந்தது. பிறகு பொங்கல் வேலைகள் வந்தன. கீசர் மட்டும் அடிவயிறு திறந்தபடி குளியலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்துவிட்டுப் பின்னால் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாரம் இருமுறையாவது கேட்டேன். ஒருமுறைகூட அவர் முடியாது என்று சொல்லவில்லை. என் கோபம் முழுவதும் அதில்தான் இருந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பேன். "நாளைக்கு வருவார் சார்" என்கிற பேச்சு மனிதனைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நாளைக்கு வரப்போகிறவருக்காக இன்றைக்கு ஏன் செலவு செய்வானேன் என்று நாமே நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். அப்படி 67 நாளைக்குகள் போயின.

இடையில் அடுப்பில் வெந்நீர் வைத்தோம். வழக்கமாக 40 நாட்கள் வரும் கேஸ் சிலிண்டர் 29 நாட்களில் தீர்ந்தது. அப்போது சென்னையில் அதன் விலை 1,068 ரூபாய் 50 காசு. கொதிக்கும் குண்டானைச் சமையலறையிலிருந்து குளியலறைக்கு என் மகன் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருநாள் ஈரத்தரையில் கால் வழுக்கியது. நல்லவேளையாக வெந்நீர் சுவர்ப்பக்கம் கொட்டியது. அன்று மாலையே 650 ரூபாய்க்கு வாளியில் போடும் ஹீட்டர் ராடு ஒன்றை வாங்கி வந்தேன். அதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ராடு 1,500 வாட். ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைக் கூடத்தில் இருந்த ஆறு ஆம்பியர் சின்னப் பிளக்கில், ஓர் அடாப்டரை மாட்டிச் செருகினேன். நான்காம் நாள் பிளக் பாயின்ட் கருகி, பிளாஸ்டிக் நாற்றம் மாடிப்படி வரைக்கும் போயிற்று.

கீசருக்காக ஒருமுறைகூட மேலே வராத வீட்டுக்காரர், அந்தக் கருகிய பிளக் பாயின்ட்டைப் பார்க்கப் பத்தே நிமிடத்தில் வந்து நின்றார். கையோடு கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார். "பொருளைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டாமா சார்" என்றார். அதை மாற்றியவகையில் எனக்கு 180 ரூபாய் செலவு. இவரைச் சட்டத்தால்தான் மடக்க வேண்டும் என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணையில் எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதைப் படித்து, உரிய வரியை அடிக்கோடிட்டு, அவர் முகத்துக்கு நேரே நீட்டும் ஆவலோடு இரவு பதினொன்றரைக்குத் திறந்தேன். கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், வடிகால் அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், மின்சாதனங்களின் பழுது ஆகியவை குடியிருப்பவருக்கு. கீசர் என்ற சொல்லும் அங்கே தனியாகவே இருந்தது, குடியிருப்பவரின் பட்டியலில்.

இதை எழுதியதும் என்னை வீட்டுக்காரர்களின் கையாள் என்று சிலர் சொல்லக்கூடும். சட்டம் அப்படி இருக்கிறது என்று சொல்வது, அது நியாயம் என்று சொல்வதாகாது. எட்டு வருடம் பழைய கீசரை மாட்டிவைத்துவிட்டு, அதைக் காட்டியே வாடகையில் ஐந்நூறு கூட்டிக் கேட்பவர், அது ஓயும்போது குடியிருப்பவரைக் கைகாட்டினால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அதே சட்டம் ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது: ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாகப் பிரித்துக்கொண்டால் அதுவே செல்லும். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் ஃபிரிட்ஜைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது உரிமையாளரின் பொறுப்பு என்று இருந்து, அவர் செய்ய மறுத்தால், நீங்கள் செய்து வாடகையில் கழிப்பதற்கு இடமுண்டு. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இதற்கு ஒரு வரம்பும் சொல்கிறது. எந்த மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. ஒப்பந்தம் ஃபிரிட்ஜைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், நீங்கள் கழிக்கும் தொகை வாடகை பாக்கியாகக் கணக்காகும். பாக்கியோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஃபிரிட்ஜுக்காக அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்.

என் ஒப்பந்தம் வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் "கீசர் 1, மின்விசிறி 4, டியூப்லைட் 6" என்று எழுதி, காலி செய்யும்போது நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. பழுதானால் யார் பார்ப்பது என்று ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளில் அதை நான் முழுதாகப் படிக்கவும் இல்லை. நாள் முழுவதும் அடுத்தவர் கணக்கில் வரி வரியாகத் தப்புக் கண்டுபிடிக்கிறவன் சொந்தக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் கீழே போனேன். சட்டப் பட்டியலைப் பற்றி மூச்சு விடவில்லை; அவரும் அதைப் படித்தவராகத் தெரியவில்லை. "சார், உங்களால் முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்போது சார் முடியாது என்றேன்?" என்று கேட்டார். "அதைத்தான் சார் சொல்கிறேன், நீங்கள் இரண்டில் எதையும் சொல்லவில்லை" என்றேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "அவர் கேட்பதில் என்ன தப்பு, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்களேன்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், வெளியாளை வைத்துச் செய்துகொள்ளும்படியும் பாதிச் செலவை அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளும்படியும் சொன்னார். மேலே வந்ததும் அதையே செய்தியாக எழுதி அவருக்கு அனுப்பினேன்; சரி என்று பதில் வந்தது. மறுநாள், ஜனவரி 20, வந்த பையன் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தான்.

பழுதின் காரணத்தை அவன்தான் காட்டினான். மடிப்பாக்கம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காயில்மேல் உப்பு கல்லாகப் படியப் படிய, அதன் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி மேலுறையை வெடிக்கவைத்துவிடும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்ததும் மின்கசிவு ஏற்பட்டு டிரிப் ஆகும். தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தான் கரைந்துகொடுக்கும் மெக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே இருக்குமாம். எங்கள் கீசரில் அது ஈர்க்குச்சியாக மெலிந்திருந்தது. வருடம் ஒருமுறை திறந்து உப்பைச் சுரண்டியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்றான். அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தவன் நான்தான் என்பதால், அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், மெக்னீசியம் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். கீசர் இல்லாத நாட்களில் கூடுதலாக எரிந்த கேஸ் ஏறக்குறைய 680, ராடு 650, பிளக் பாயின்ட் 180, மொத்தம் 1,510. சரிசெய்யாமல் இருப்பதற்கே அவ்வளவு செலவழித்திருக்கிறேன். சொன்னபடி 825 ரூபாயை அவர் கழித்துக்கொள்ளவிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

என் தகப்பனாரும் ஒரு காலத்தில் கும்பகோணத்தில் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தவர்தான். அங்கே குடியிருந்த அம்மாள் ஒருவர் அடிபம்பு வேலை செய்யவில்லை என்று சொல்லச் சொல்ல, "பார்க்கலாம்மா" என்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கெட்டவர் அல்லர். கையில் பணம் இல்லை. இல்லை என்று சொல்லக் கூச்சம். என் வீட்டுக்காரருக்கும் ஓய்வூதியத்தில் அப்படி ஏதாவது இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் ஒரு கோடைகாலம் முழுவதும் எங்கள் கிணற்றில் இறைத்துத்தான் தண்ணீர் எடுத்துப்போனார்.

இருந்தாலும் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. 2024-இல் அந்த வீட்டைக் காலி செய்தபோது, பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொண்டார். வெள்ளையடிப்பது உரிமையாளரின் பட்டியலில் இருக்கிறது என்பதை இந்தமுறை வாய்விட்டுச் சொன்னேன். "ஊர் வழக்கம் சார்" என்றார். கீசர் விஷயத்தில் சட்டம் என் பக்கம் இல்லை, வழக்கம் இருந்தது. பெயின்ட் விஷயத்தில் சட்டம் இருந்தது, வழக்கம் இல்லை. இந்தச் சட்டத்தின்படி துணை ஆட்சியர் நிலையிலான வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்தான். ஆனால் வண்டியில் சாமான் ஏறி நிற்கிறது, அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: என்றைக்குப் பழுதானது, இதுவரை எத்தனை முறை சொன்னீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவார், இயலாவிட்டால் நீங்களே செய்துகொள்ளச் சம்மதமா, செலவு யாருடையது. தொலைபேசியில் பேசினாலும் பேசி முடித்ததும் அதையே எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் தேதி சொல்லாமல் நழுவினால், சொந்தமாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டு, போகும்போது எடுத்துப்போவேன் என்பதையும் தெரிவித்துவிட்டு, பழையதை ஒரு படம் எடுத்து ஓரமாக வையுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அது அவருடைய பொருள்.

இப்போது இருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தில், கீசர், மோட்டார் பழுதைத் தெரிவித்த ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும், தவறினால் குடியிருப்பவர் செய்து ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்டு எழுதி வாங்கினேன். உரிமையாளர் சிரித்துவிட்டு, வருடம் ஒருமுறை கீசரைச் சர்வீஸ் செய்யும் செலவு குடியிருப்பவருடையது என்று தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்தார். சென்ற மாதம் அந்தச் சர்வீஸ் நடந்தது. தொட்டியிலிருந்து இரண்டு கை அளவு உப்பு செய்தித்தாளில் கொட்டியது. அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார்.